பாஸ்போர்ட் இமிகிரேசனில் இருக்கும்போது வேலை பெர்மிட்டை எப்படிக் காட்டினீர்கள்? உங்கள் அனுபவம்

கிராணி, சுங்கை சிப்புட்:

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ரொம்ப வருசம் ஆபீஸ் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தேன். வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட் ஃபைல் எல்லாம் என் மேசையில்தான் கிடக்கும். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "உன் பாஸ்போர்ட் இமிகிரேசனில் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பல நேரம் அது ஏஜெண்டின் டிராயரிலோ, அவன் கார் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையிலோதான் கிடக்கும். நிஜமாகவே கவுண்டரில் கொடுத்திருந்தால் சீட்டு ஒன்று இருக்கும். அந்தச் சீட்டை முதலில் கேளுங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காக: தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கும் தற்காலிக வேலை பெர்மிட்டை பி.எல்.கே.எஸ். என்பார்கள். வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். நான் பார்த்த காலத்தில் அது பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர். இவன் இன்ன முதலாளியிடம் இன்ன வேலை செய்யலாம் என்பதற்கு அந்த ஒரு பக்கம்தான் அத்தாட்சி. புதுப்பிக்க வேண்டுமென்றால் ஃபோமிமா என்கிற வெளிநாட்டுத் தொழிலாளர் மெடிக்கல் பாஸாக வேண்டும், லெவி என்கிற அரசாங்க வரி கட்ட வேண்டும். 2016இல் நிர்ணயித்த லெவி தோட்டத்துக்கு 640 வெள்ளி (ரிங்கிட்), தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் 1,850 வெள்ளி. 2018இலிருந்து அதை முதலாளிதான் கட்ட வேண்டும். சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் நடக்கிற நேரத்தில் பாஸ்போர்ட் ஆளிடம் இருக்காது. ஆனால் குலை வெட்ட அவன் தினமும் போயாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போய் ஊருக்குப் பணமும் அனுப்ப வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிறு பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்தில் ஒப்ஸ் (இமிகிரேசன் சோதனை) நடந்தது. எங்கள் ஆள் ஒருவர், புதுக்கோட்டைக்காரர், மாட்டிக்கொண்டார். கையில் இருந்தது பாஸ்போர்ட் நகல் மட்டும். அதில் இருந்த ஸ்டிக்கரின் தேதி போன மாதமே முடிந்துவிட்டது. அவருக்கு மலாய் அரைகுறை. "ஒபிஸ், ஒபிஸ்" என்று சொல்லிச் சொல்லி ஆபீஸ் நம்பரைக் காட்டியிருக்கிறார். லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேனேஜர் கையெழுத்தும் கம்பெனி சாப்பும் (முத்திரையும்) குத்திய கடிதத்தைத்தான் முதலில் நீட்டினேன். அதிகாரி அதைத் தொடவே இல்லை. "கடிதம் யார் வேண்டுமானாலும் டைப் அடிக்கலாம்" என்றார். நியாயந்தானே. அடுத்து, பெர்மிட் முடிவதற்கு முன்பே விண்ணப்பம் கொடுத்த ரசீதை வைத்தேன். தேதியைப் பார்த்தார், பாஸ்போர்ட் நம்பரை போனில் யாருக்கோ வாசித்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு லெவி ரசீது, ஃபோமிமா முடிவு. சாயங்காலத்துக்குள் விட்டுவிட்டார்கள். ஆளைக் காப்பாற்றியது ரசீதில் இருந்த தேதியும் விண்ணப்ப நம்பரும்தான். அதற்குப் பிறகு பெர்மிட் போட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ரசீதின் நகலைக் கையில் கொடுத்துத்தான் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்புவேன். மேனேஜருக்கு இது வீண் வேலையாகப் பட்டது. படட்டும்.

இன்னொரு சம்பவம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 2023இல் ரீகாலிப்ரேசன் 2.0 என்கிற பதிவுத் திட்டத்தைத் திறந்தார்கள். கோசோங்காக, அதாவது பெர்மிட் இல்லாமல், இருக்கிறவர்களை முதலாளியே நேரடியாக இமிகிரேசனில் பதியலாம், அபராதக் கட்டணம் 1,500 வெள்ளி, ஏஜெண்டுக்கு இதில் வேலையே இல்லை என்று அரசாங்கமே சொன்னது. சொல்லி என்ன? பக்கத்துத் தோட்டத்துக் குத்தகைக்காரர் ஒருவர் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டுகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டார். "எல்லாம் இமிகிரேசனில் இருக்கு" என்றே மாதங்கள் ஓடின. ஒரு பையன் பிடிபட்டபோது சிஸ்டத்தில் அவன் பெயரில் விண்ணப்பமே இல்லை. அவன் இமிகிரேசன் தடுப்பு டிப்போவுக்குப் போனான். பாஸ்போர்ட் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏஜெண்டின் வீட்டிலிருந்து.

1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் 12ஆம் பிரிவின்படி, இன்னொருவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படி அதிகாரமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து வருசம் வரை சிறை, அல்லது இரண்டும். "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பீரோவில் பூட்டி வைக்கிற முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். பெயர், கம்பெனி வேண்டாம்.


தஞ்சாவூர் மருமகள்:

நான் தோட்டத்து ஆள் இல்லை, தோட்டத்து வீட்டு மருமகள். கல்யாணம் ஆகி வந்தவளுக்குக் கொடுக்கிற நீண்டகால விசாவில் இருக்கிறேன். இந்த விசா ஸ்டிக்கரிலேயே எந்த வேலையும் செய்யக் கூடாது என்று போட்டிருந்தது. வேலை கிடைத்த பிறகு கம்பெனி கடிதத்தோடு போய்க் கேட்டு, வேலை அனுமதி தனியாக வாங்கினேன். அதுவும் பாஸ்போர்ட்டுக்குள்ளேயேதான் பதிவானது.

விசா புதுப்பிக்க வீட்டுக்காரரும் கூட வர வேண்டும். அவர் லோரி ஓட்டுகிறவர், லீவு கிடைப்பதே பெரிய பாடு. ஒரு தடவை போனபோது பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நானும் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து கம்பெனியில் ஆடிட். எச்.ஆர். பெண் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க ஒரிஜினல் வேணும், இல்லன்னா ஆடிட் முடியிற வரைக்கும் வீட்ல இருங்க" என்று சொல்லிவிட்டாள். சம்பளமில்லாமல்தான். அவளும் நம்ம பெண்தான், கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது?

பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் கலரில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். மாமியார்தான் எடுக்கச் சொன்னது. அவர் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐ.சி.யோடு (அடையாள அட்டையோடு) பாதி ஆயுளை ஓட்டியவர், இந்த நாட்டில் காகிதத்தின் அருமை அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அந்தப் போட்டோக்களில் வேலை அனுமதிப் பக்கத்தையும் இமிகிரேசன் சீட்டையும் சேர்த்து அச்சடித்து, கூடவே ஒரு விளக்கக் கடிதம் மலாயில் எழுதிக் கொடுத்தேன். எச்.ஆர். அதை மேலிடத்துக்கு அனுப்பினாள். பாஸ்போர்ட் திரும்பி வரும் வரைக்கும் வீட்டில் இருக்கவில்லை, இரண்டு மூன்று நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அந்த நாள்களின் சம்பளம் வரவில்லை. கேட்கவும் இல்லை.


ராமநாதபுரம்:

அண்ணன் சொன்ன ரசீது விசயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சீட்டு சில இடத்தில் கடை பில் மாதிரி சூட்டில் அச்சாகிற தாளில் வருகிறது. நான் அதை ஐ.சி. கவரில் போட்டு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். பத்திரமாம்! தோட்டத்து வெயிலில் வண்டி நாளெல்லாம் நிற்கிறது. போலீஸ் ரோட்புளோக்கில் எடுத்து நீட்டினால் சீட்டு முழுக்க வெள்ளை. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோடு தெரிந்தது, அவ்வளவுதான். போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஐ-கார்டு (வெளிநாட்டுத் தொழிலாளர் அடையாள அட்டை) கையில் இருந்ததால் அன்றைக்குப் போக விட்டார். வாங்கிய அன்றைக்கே நகல் எடுங்கள், போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

இன்னொன்று. என் இந்தியப் பாஸ்போர்ட் முடிந்து புதுசு வாங்கினேன், நம்பர் மாறிவிட்டது. பெர்மிட்டும் ஐ-கார்டும் பழைய நம்பரில். இமிகிரேசன் புதுப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தபோது கையில் இருந்த தாள் எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மூலையை வெட்டிக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதுதான் இரண்டு நம்பருக்கும் ஒரே ஆள் என்று காட்டியது.


லெஸ்டர் அக்கா (சொந்த ஊர் சுங்கை சிப்புட்):

அம்மா அப்பா இன்னும் அங்கேதான். நான் இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இதே கதை எனக்கும் நடந்தது, ஆனால் இங்கே முடிச்சு வேறு மாதிரி அவிழ்கிறது, அதனால் எழுதுகிறேன்.

விசா நீட்டிப்புக்குப் போட்டிருந்தபோது என் பாஸ்போர்ட் ஹோம் ஆபீஸில் (இங்கே இமிகிரேசனைப் பார்க்கிற அமைச்சு). பழைய விசா தேதி முடிந்ததும் மேனேஜர் ஷிஃப்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். அவர் பயமும் புரிகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து, அனுமதி இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம், மறுபடி மாட்டினால் 60,000 வரை. ஆனால் 1971ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டத்தில் 3சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. விசா முடியும் முன்பே விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை பழைய விசாவும் அதன் வேலை உரிமையும் அப்படியே தொடரும். இதை நான் வாயால் சொல்லி மேனேஜர் நம்ப மாட்டார். அவரே ஹோம் ஆபீஸின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில் கேட்க வேண்டும். ஆள் சரி என்றால் பாசிட்டிவ் வெரிஃபிகேஷன் நோட்டிஸ் என்று பதில் வரும். அது ஆறு மாதத்துக்கு முதலாளிக்குக் கவசம். தொழிலாளி போய் இதைக் கேட்க முடியாது, முதலாளிதான் கேட்க வேண்டும் என்பது மேனேஜருக்கே தெரியவில்லை. நான் தேடிக் கொடுத்த பிறகுதான் ஆன்லைனில் கேட்டார், நோட்டிஸ் வந்தது, ஷிஃப்ட் திரும்பியது.

இப்போது இங்கே ஈ-விசா வந்துவிட்டதால் பாஸ்போர்ட்டைக் காட்டுவதே குறைந்துவிட்டது, முதலாளி ஆன்லைனில் விசாவைச் சரிபார்க்க ஒரு ஷேர் கோடு போதும். நம்ம ஊரில் கிராணி அண்ணன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் படித்தபோது, முதலாளி அரசாங்கத்தை நேராகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குகிற வழி ஒன்று அங்கேயும் இருந்தால் அந்த லோரிப் பயணமே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றியது.


குத்தகைக்காரன்:

எல்லாரும் முதலாளியைத் திட்டுகிறீர்கள், சரி. எங்கள் பக்கமும் கேளுங்கள். பெர்மிட் இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் மலேசியக் குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவில் தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், இல்லையென்றால் ஒரு வருசம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, பிரம்படியும் கொடுக்கலாம். நான் சின்ன ஆள், உரம் போடவும் புல் வெட்டவும் கொஞ்சம் பேரை வைத்திருக்கிறேன். "அண்ணே, பாஸ்போர்ட் இமிகிரேசன்ல இருக்கு, அடுத்த வாரம் வந்துரும்" என்று சொல்லி வருகிற ஆளை எப்படி நம்புவது? சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்று இல்லை. அவனிடம் யாரோ சொன்ன பொய்யை அவன் நம்பியிருக்கலாம்.

அதுவும் அவன் பெர்மிட் வேறு கம்பெனி பெயரில் இருந்தால் பாஸ்போர்ட் கையில் இருந்தும் பிரயோசனமில்லை. பி.எல்.கே.எஸ். ஒரு முதலாளிக்குத்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று ஒரு நாள் கைமாற்றாக அனுப்பினாலே பெர்மிட் நிபந்தனையை மீறியதாகப் பிடிப்பார்கள். இது எத்தனை மண்டோருக்கு (கங்காணிக்கு) தெரியும்?


புதியவன்:

கிராணி அண்ணே, ஒரு சந்தேகம். என் கேஸ் லேபர் ஆபீஸில் நடக்கிறது, பழைய முதலாளி சம்பளம் தரவில்லை. பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரவில்லை. இமிகிரேசனில் ஸ்பெஷல் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பெஷல் பாஸைக் காட்டி வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேரலாமா? ஒரு மண்டோர் கூப்பிடுகிறார்.


கிராணி, சுங்கை சிப்புட்:

சேராதீர்கள், தம்பி. ஸ்பெஷல் பாஸ் இங்கே தங்குவதற்கு மட்டும்தான், வேலை செய்ய இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு குலை சுமந்தால் உங்கள் கேஸ்தான் கெடும். சம்பள பாக்கி கேட்டு நிற்கிறவரையே குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். மண்டோருக்கு ஒன்றும் ஆகாது, அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்.

அந்த பாஸ் குறுகிய காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், தேதி முடியும் முன் நீட்டிக்கப் போக வேண்டும். போகும்போது லேபர் ஆபீஸ் கேஸ் நம்பரும் அடுத்த விசாரணைத் தேதி போட்ட கடிதமும் கொண்டு போங்கள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்பதை லேபர் அதிகாரியிடம் எழுத்தில் சொல்லியிருக்கிறீர்களா? பழைய முதலாளியிடம் இருந்தால், அவர் தர மறுக்கிறார் என்று பாலாயில் (போலீஸ் ஸ்டேசனில்) ஒரு ரிப்போர்ட் போட்டு, அதன் நகலையும் கேஸ் ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். இமிகிரேசனில் என்று அவர் சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ரிப்போர்ட் எழுத மலாய் வரவில்லை என்றால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், எழுதித் தருகிறேன்.