சம்மன் வந்தால் நேரில் போய்விடுங்கள்

காருக்கு இன்சூரன்ஸ் இருந்தும் கையிலிருந்து பணம் கட்ட வேண்டி வருமா? வரும். கும்பகோணத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு அவசரத்துக்கு அவருடைய காரை வாங்கிப் போனான். தஞ்சாவூர் சாலையில் முன்னால் போன பைக்கை இடித்துவிட்டான். தப்பு முழுக்க அவன்மேல்தான். அப்புறம்தான் தெரிந்தது, அவனிடம் இருந்தது டூ வீலர் லைசென்ஸ் மட்டும்.

அடிபட்டவர் டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி, வயது 32. முழங்கால் நொறுங்கி, இனிக் குத்துக்காலிட்டு உட்காரவே முடியாது. டாக்டர் எழுதும் ஊன சதவீதத்தோடு, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் நிறுத்திக்கொள்ளாது. அந்தத் தொழிலை இனிச் செய்ய முடியுமா என்றும் பார்க்கும். அப்படிக் கணக்கிட்ட ஆண்டு வருமான இழப்பை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. தொகை லட்சக்கணக்கில் ஏறுவது இதனால்தான்.

அடிபட்டவர் இழப்பீடு கேட்டு எம்.சி.ஓ.பி. எனும் விபத்து வழக்கு போட்டார். அதன் சம்மன் சித்தப்பா பெயருக்கும் வந்தது. "அதெல்லாம் கம்பெனி வக்கீல் பார்த்துப்பார் சார்" என்றார் ஏஜென்ட். அதை நம்பி, சம்மனைப் பாலிசியோடு சேர்த்து ஃபைலில் வைத்துவிட்டார். கம்பெனி வக்கீல் கம்பெனிக்காகத்தான் வாதாடுவார். ஆர்.டி.ஓ. ஆவணத்தைக் காட்டி, ஓட்டியவனுக்குக் கார் லைசென்ஸ் இல்லை என்று நிரூபித்தார். சித்தப்பா எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் ஆஜராகாததால் அவர் இல்லாமலே வழக்கு முடிந்தது.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். 2004-இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் ஸ்வரண் சிங் தீர்ப்புப்படி, லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உரிமையாளர் கவனமில்லாமல் வண்டியைக் கொடுத்தார் என்றும் கம்பெனி நிரூபிக்க வேண்டும். அந்தத் தம்பி ஒரு கடையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன், லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்லித்தான் சாவியை வாங்கினான். கூண்டில் ஏறி இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

உத்தரவு 'பே அண்ட் ரெக்கவரி' என்று வந்தது. அதாவது, அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அதற்குத் தனி வழக்குகூட வேண்டாம், அதே உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போதும். அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் சித்தி எனக்கு போன் செய்தார்.

அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. அது அவருக்குச் சேர வேண்டியதுதான். எக்ஸ்பார்ட்டி உத்தரவை ரத்து செய்யச் சித்தப்பா இப்போது மனு போட்டிருக்கிறார். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கிறார்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதற்கு எங்களிடம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்கூட இல்லை.