ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தாண்டி காரைக்குடிப் பக்கம் பார்க்க வேண்டியவை எவை?

கேள்வி: பள்ளத்தூர்ப் பேரன்
அடுத்த மாதம் ஒரு திருமணத்திற்காகக் காரைக்குடிக்கு வருகிறேன். கையில் இரண்டு நாள் இருக்கும். பிள்ளையார்பட்டி, ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. பலர் கவனிக்காமல் கடந்துபோகிற, பழைய கதையுள்ள இடங்களை உள்ளூர்க்காரர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். சென்ற முறை பூட்டிய வீடுகளின் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம்.

பதில்: வளவு வீட்டு ஆச்சி
பூட்டிய வீட்டையும் வெளியிலிருந்தே பார்க்கலாம், தம்பி. பக்கத்துக் கானாடுகாத்தான் ஊரில் ஒரு முகப்பின் முன் நின்றுவிட்டு, பக்கச் சுவரை ஒட்டியே பின்தெரு வரை நடந்து பாருங்கள்; முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய கட்டும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய், பின்கதவு அடுத்த தெருவில் திறக்கும். வீட்டின் அளவு கால் வலிக்கும்போதுதான் புரியும்.

அப்படியே தெருவோர வடிகாலையும் கவனியுங்கள். வளவைச் சுற்றியுள்ள ஓட்டுக்கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை முற்றத்தில் இறக்கும். எங்கள் அப்பத்தா முதல் மழையைக் கூரைத் தூசி கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைக்குத்தான் தகரக் குழாயின் வாய்க்கு நேரே பித்தளை அண்டாவை வைப்பார். மிஞ்சிய நீர் வடிகால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும். வற்றாத ஆறொன்றும் இல்லாத சீமையில் இத்தனை பெரிய வீடுகளில் குடியிருக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பேன். வருகிறவர்கள் என்னவோ பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பதில்: கல்லுக்கட்டிக்காரன்
காரைக்குடி நகருக்குள்ளேயே இந்து மதாபிமான சங்கம் என்ற பழைய அமைப்பு இருக்கிறது, 1917இல் தொடங்கியது. 1919 நவம்பரில் பாரதியார் இங்கே வந்தபோது எடுத்த படங்களில் ஒன்றுதான், கையில் தடியுடன் அவர் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம். அந்தப் பயணத்தில் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியாரின் விருந்தினராகவும் இருந்தார்.

பதில்: பழைய சாமான் பித்தர்
முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளை விட்டுவிடாதீர்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்த சொத்தையும் கொடுக்கல் வாங்கலையும் இழந்த இப்பகுதி நகரத்தார் (செட்டியார்) குடும்பங்கள் பல. வீடுகள் பங்கு பிரிந்து, பராமரிக்க வழியின்றிப் போனபோது கதவும் நிலையும் எனாமல் தூக்குச் சட்டியும் கடைக்கு வந்தன. பித்தளைப் பாத்திரத்தைக் கையில் எடுத்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: சிறு உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருக்கும். அது அந்த வீட்டின் விலாசம், அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள். விலையை மட்டும் பாதியிலிருந்து பேசத் தொடங்குங்கள்.

பள்ளத்தூர்ப் பேரன்
மிக்க நன்றி, ஆச்சி, மற்றவர்களுக்கும் நன்றி. எங்கள் ஐயா வீட்டு விலாசத்தை அம்மாவிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்; முதலில் போவது முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான்.