அன்டிகிதெரா கருவியின் மாதிரி: சந்திரன் முள் இறுகுவது ஏன்?

கேள்வி:
கிரேக்கத்தின் அன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் வெளிவந்த வானியல் கருவியின் இயங்கும் மாதிரியைப் பித்தளையில் செய்து வருகிறேன். சந்திரன் முள்ளுக்கான 64/38, 48/24, 127/32 என்ற பல் எண்ணிக்கை கொண்ட மூன்று சக்கர இணைகளின் தொடரைப் பொருத்திவிட்டேன்; கணக்குப்படி ஆண்டுக்கு 254/19 சுற்று சரியாகவே வருகிறது. ஆயினும் கைப்பிடியைச் சுழற்றினால் முள் சில இடங்களில் இறுகி, பிறகு துள்ளி ஓடுகிறது. மூலத்தில் உள்ளபடி முக்கோணப் பற்களையே வெட்டியுள்ளேன். அவற்றைக் கைவிட்டு இன்வால்யூட் (இன்றைய இயந்திரங்களில் உள்ள, பக்கங்கள் வளைந்த) பற்களுக்கு மாற வேண்டுமா? அடுத்து வெட்டவேண்டிய 223 பல் சக்கரத்தின் விளிம்பைச் சம பாகங்களாக எப்படிப் பிரிப்பது?

மறுமொழி 1:
பல்லின் வடிவத்தை உடனே குற்றம் சொல்லாதீர்கள். 2025இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் கணினியில் செய்த ஆய்வும் முக்கோண வடிவத்தால் வரும் பிழை மிகச் சிறியது என்றும், பற்களின் இடைவெளி சீராக இல்லாததே இறுக்கத்துக்குக் காரணமாகும் என்றும் காட்டியது. தவிர, இது வேகத்தைக் கூட்டும் தொடர்: 38 பல் சக்கரத்தின் அச்சில் உள்ள தளர்வு, முள்ளை அடைவதற்குள் ஏறத்தாழ 8 மடங்காகிவிடும். ஆகவே மூன்று இணைகளையும் தனித்தனியே கையால் சுழற்றிப் பார்த்து, இறுகும் பல்லில் மை தடவி, அங்கு மட்டும் அரத்தால் தொடுங்கள்.

மறுமொழி 2:
223 பகா எண் என்பதால் வழக்கமான பிரிப்புத் தட்டில் (வட்டத்தைச் சம பாகங்களாக்க உதவும் துளைத் தட்டில்) அது அமையாது. சுழல் மேசையில் பிரிப்பதானால் ஒவ்வொரு பல்லின் கோணத்தையும் சுழியிலிருந்தே கணக்கிடுங்கள். 360/223 என்பதை 1.61 பாகை என்று சுருக்கிக் கூட்டிக்கொண்டே போனால், கடைசிப் பல்லுக்குப்பின் அரைப் பல்லுக்கும் அதிகமான இடைவெளி மிஞ்சும்.

மறுமொழி 3:
அந்த 223 பல் சக்கரத்தின் மேல்தான் ஊசியும் பள்ளமும் கொண்ட (ஒன்றின் ஊசி மற்றதன் பள்ளத்தில் நகரும்) இரண்டு 50 பல் சக்கரங்கள் அமர்கின்றன. சந்திரன் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறைவதைக் காட்டுவது இந்த அமைப்பே. (என் கணிப்பில் முழுக் கருவியிலும் இதற்கு ஈடான பகுதி வேறில்லை.) இரு அச்சுகளுக்கும் இடையே சுமார் 1.1 மி.மீ. விலகலும், ஊசி மையத்திலிருந்து சுமார் 9.6 மி.மீ. தொலைவும் வேண்டும். விலகலில் 0.1 மி.மீ. பிசகினால் முள் அரைப் பாகைக்கும் மேல் தவறும் என்பதால், முதலில் சோதனைத் தகட்டில் துளையிட்டு அளந்த பிறகே அசல் சக்கரத்தில் கைவையுங்கள்.