கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள் குழு: கடைக்காரர் அடிச்ச காசு

ரவி (அமெரிக்கா): [படம்] இன்னிக்கு சின்சினாட்டியில ஒரு பழைய பொருள் கடையில வாங்கினேன். 1863ன்னு போட்டிருக்கு. அரசாங்கக் காசு இல்லீங்க, ஒரு கடைக்காரர் தன் பேரு போட்டு அடிச்சுவிட்டது!

கீதா அத்தை: கள்ளக் காசா கண்ணு? பத்திரம் 😄

ரவி: இல்லீங்கத்தே. அங்க உள்நாட்டுப் போர் வந்ததும் சனங்க தங்கம், வெள்ளிக் காசையெல்லாம் பதுக்கிட்டாங்க. 1862 முடியறதுக்குள்ள ஒரு சென்ட் காசுக்கே திண்டாட்டம். மீதிக்குத் தபால் தலையக் குடுத்துப் பார்த்தாங்க, அது கையில ஒட்டிக்கிச்சு. அப்புறம்தான் கடைக்காரங்க தாங்களே செம்புல அடிக்க ஆரம்பிச்சாங்க.

சுந்தரம் மாமா: பஸ்ல டிக்கெட்டுக்குப் பின்னாடி மீதி எழுதிக் குடுக்கறாங்களே, அதே கணக்குத்தான். அடிச்சவன் திருப்பி வாங்கிக்கற வரைக்கும் அது காசு. வாங்கிக்கிட்டானா?

ரவி: அங்கதான் வில்லங்கம் மாமா. நியூயார்க்குல லிண்டன்மியூலர்னு ஒரு மதுக்கடைக்காரர் பத்து லட்சத்துக்கு மேல அடிச்சாராம். தேர்ட் அவென்யூ டிராம் கம்பெனி டிக்கெட்டுக்கு அதையே வாங்கிச் சேத்து வெச்சு, மாத்திக் குடுங்கன்னு போய் நின்னா, சிரிச்சுட்டு முடியாதுன்னுட்டாராம். அவர மடக்கச் சட்டமும் இல்ல.

சுந்தரம் மாமா: அடிக்கற செலவு ஒரு சென்ட்டுக்கும் கம்மி. திரும்பி வராததெல்லாம் லாபம். முப்பது வருசம் கல்லாவுல உக்காந்தவன் சொல்றேன், எனக்கு இந்த யோசனை வராமப் போச்சே 😀

திவ்யா: மாமா!! 🤣

ரவி: சிலபேரு இன்னும் கில்லாடி. 'ஒன் சென்ட்'னு பெருசாப் போட்டு, மேல பொடி எழுத்துல 'நாட்'னு, அதாவது 'இல்ல'ன்னு போட்டுட்டாங்க. போலிக்காசுன்னு யாரும் கேஸ் போட முடியாதுல்ல.

திவ்யா: அப்ப எப்பத்தான் நின்னுச்சு?

ரவி: 1864 ஏப்ரல்ல சட்டம் போட்டாங்க. அரசாங்கமும் சென்ட்டை வெண்கலத்துல மெல்லிசா அடிக்க ஆரம்பிச்சிருச்சு. மெல்லிசுக் காச சனங்க வாங்குவாங்கன்னு கடைக்காரங்கதானே காட்டிக் குடுத்தாங்க!

கீதா அத்தை: நம்ம பக்கம் ரெண்டாம் உலகப் போர்ல, 1943ல ஓட்டைக் காலணா வந்துச்சே. செம்பு மிச்சம் பண்ண நடுவுல ஓட்டை. எங்கம்மா அதையெல்லாம் கயித்துல கோத்து வெச்சிருந்தாங்க.

சுந்தரம் மாமா: அதெல்லாம் இருக்கட்டும். ரவி, இதுக்கு எவ்வளவு குடுத்தே?

ரவி: இருபது டாலர் மாமா.

சுந்தரம் மாமா: ஒரு சென்ட் காசுக்கா! பேரம் பேசினயா இல்லையா?