பிள்ளைக்கொரு பையா, குடும்பத்துக்கே ஒரு பையா?

ஹட்டன் தாய்:
ஆகஸ்ட் லீவில் ஹட்டனிலிருந்து ரயிலில் நானுஓயா போகிறோம். நுவரெலியாவில் இரண்டு இரவு, நடுவில் ஒரு காலை ஹோர்ட்டன் சமவெளி, அப்புறம் மறுபடி ரயில் ஏறிப் பதுளையில் நாத்தனார் வீடு. கைக்குழந்தைக்குப் பத்து மாதம், மகனுக்கு ஆறு வயது, மகளுக்குப் பதின்மூன்று. மாமியாரும் கூட வருகிறார். பெரிய பேக் இரண்டில் எல்லாருடைய உடுப்பையும் சேர்த்து அடுக்கிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பை வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சு. வெவ்வேறு வயதுப் பிள்ளைகளோடு பயணம் போனவர்கள் சொல்லுங்கள், எது சரி?

கொட்டகலை அக்கா:
ஆளுக்கொரு பைதான் தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பேக்கில் போட்டால் என்ன நடக்கும்? நடு ராத்திரி நுவரெலியாக் குளிரில் சின்னது சிணுங்கும். அதன் கம்பளிக் காலுறை அப்பாவின் காற்சட்டைக்கும் பாட்டியின் சேலைக்கும் அடியில் கிடக்கும். லைட்டைப் போட்டு, பேக்கைக் கவிழ்த்துத் தேடுவதற்குள் தூங்குகிற மகனும் எழுந்துவிடுவான். தனிப் பை என்றால் இருட்டிலேயே கையை விட்டு எடுத்துவிடலாம்.

இன்னொன்று. மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய உள்ளாடையும் பேடும் தம்பியும் அப்பாவும் துழாவுகிற பேக்கில் கிடக்க வேண்டுமா? அப்பாவுக்கு முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, பயணம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனது கேட்பதில்லை. அவளுக்கு ஸிப் வைத்த தனிப் பை கொடுங்கள். அதை வேறு யாரும் திறக்கக் கூடாது என்று புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள்.

பதுளை சேர்:
அக்கா அறைக்குள் போன பிறகு நடப்பதைச் சொல்கிறார். நான் ரயில் வாசலில் நடப்பதைச் சொல்கிறேன். நானுஓயாவில் இறங்குகிறவர்கள் அதிகம், அதே வாசலில் ஏறுகிறவர்களும் அதிகம். ரயில் அதிக நேரம் நிற்காது. அம்மா கையில் குழந்தை, பாட்டியைப் பிடித்து இறக்க ஒருவர் வேண்டும். இந்த நெரிசலில் ஆறு வயதுப் பையன் முதுகில் பையோடு படியில் நின்றால், பை கம்பியில் மாட்டும், பின்னால் நிற்பவர் தள்ளுவார். மழை நாளில் அந்தப் படி வழுக்கும். பிள்ளைகளின் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், ஒரு கை பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது எனக்கு இருந்த பெரிய கவலையே இதுதான். இறங்கியதும் தலையை எண்ணுவதா, பையை எண்ணுவதா? உங்களோடு ஆறு பேர். ஆளுக்கொரு பையும் சாப்பாட்டுக் கூடையும் என்றால் ஏழு சாமான். இரண்டு பேக் என்றால் கூடையோடு மூன்றே சாமான், பேக்கை அப்பா ஒன்று, மகள் ஒன்று. தம்பதிக்குள் சண்டை மூட்டுவதாக நினைக்க வேண்டாம், இந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி.

கொட்டகலை அக்கா:
சேர், பெரிய பேக்கின் பாரத்தையும் கணக்கில் எடுங்கள். ஆறு பேரின் குளிர் உடுப்பை இரண்டு பேக்கில் அடைத்தால் ஒவ்வொன்றும் அரிசி மூட்டைதான். அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையா தூக்குவது? பிள்ளை சுமக்கும் பை அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். நாற்பது கிலோ பிள்ளைக்கு நாலு கிலோ. இருபது கிலோ இருக்கும் ஆறு வயதுக்காரனுக்கு இரண்டு கிலோ, அதிலேயே ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோவை எடுத்துக்கொள்ளும். அதனால் அவனுக்கு அரை லீற்றர் போத்தல், ரெயின்கோட், ஒரு ஜோடி சொக்ஸ், பிடித்த ஒரு விளையாட்டுச் சாமான் மட்டும் போதும். தன் பையைத் தானே அடுக்கின பிள்ளை அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கும். மழை வந்தால் அம்மாவைக் கேட்காமல் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அது பெரிய உதவி.

தலவாக்கலை நர்ஸ்:
நீங்கள் இருவரும் பையை ஆள் கணக்கில் பிரிக்கிறீர்கள். நான் பொழுதுக் கணக்கில் பிரிக்கச் சொல்வேன். ரயிலில் கைக்கு எட்ட வேண்டியது ஒரு பை, ஹோர்ட்டன் சமவெளிக் காலைக்கு ஒரு பை, மற்றதெல்லாம் ரூமுக்குப் போகும்வரை திறக்கத் தேவையில்லாத பேக்.

ஹோர்ட்டன் சமவெளியில் ஒன்பது, பத்து மணியாகிவிட்டால் உலக முடிவு (World's End) என்கிற செங்குத்து மலை விளிம்புக் காட்சியை மூடுபனி மறைத்துவிடும். ஆறு மணிக்கெல்லாம் கேட்டில் நிற்க வேண்டுமென்றால் நுவரெலியாவிலிருந்து இருட்டிலேயே புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் மூன்று பிள்ளைகளின் மூன்று பையைத் திறக்க யாருக்குப் பொறுமை? முந்தின இரவே தொப்பி, சால்வை, மாற்றுச் சொக்ஸ், பிளாஸ்க் எல்லாம் ஒரே பையில் போய்விட வேண்டும். சுற்று நடை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல், இடம் கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கும் மேலே, காற்றும் பலமாக அடிக்கும். என்னைக் கேட்டால் பாட்டியும் கைக்குழந்தையும் அன்று ரூமிலேயே இருக்கட்டும்.

மருந்தை எந்தப் பிள்ளையின் பையிலும் போடாதீர்கள். பெரியவர் ஒருவர் தோளில் எப்போதும் இருக்கிற பையில்தான் இருக்க வேண்டும். பரசிட்டமோல் சிரப்பின் அளவு எடைக்கு எடை மாறும். பத்து மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் ஒரே அளவு கிடையாது. டொக்டரிடம் கேட்டு, பிளாஸ்டர் துண்டில் இரண்டு பிள்ளைக்கும் எத்தனை மில்லிலீற்றர் என்று எழுதி போத்தலிலேயே ஒட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்த ராத்திரியில் ஞாபகத்தை நம்ப முடியாது. கைக்குழந்தையின் கிளினிக் புத்தகத்தையும் எடுங்கள். வழியில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் எடையும் தடுப்பூசி விவரமும் அதிலேயே இருக்கும்.

வாந்திக்கு: நானுஓயாவிலிருந்து வேனில் ஏறினால் வளைவுதான். இரண்டு வயதுக்குக் கீழ் இந்தத் தொல்லை குறைவு, ஆறு வயதுக்காரனுக்குத்தான் வரும். வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காமல், வெளியே தூரத்தைப் பார்க்க வையுங்கள். அவனுக்கு ஒரு மாற்றுச் சட்டை கைப்பையில், பேக்குக்குள் வேண்டாம்.

ஹட்டன் தாய்:
கேட்டதைவிட நிறையச் சொல்லிவிட்டீர்கள், நன்றி. குழந்தைக்கு எவ்வளவு குளிர் உடுப்பு எடுப்பது என்பதில்தான் இன்னும் குழப்பம். மாமியார் தடித்த ஸ்வெட்டர் நாலு எடுத்து வைத்திருக்கிறார்.

தலவாக்கலை நர்ஸ்:
தடித்தது ஒன்று போதும். மெல்லியதாக ஒன்றின் மேல் ஒன்று போடும்படி எடுங்கள். ரயிலில் சனக்கூட்டத்துக்குள் தடித்த ஸ்வெட்டரோடு மடியில் கிடக்கிற குழந்தை முதுகெல்லாம் வியர்த்துவிடும். அந்த ஈரத்தோடு நானுஓயாக் காற்றில் இறக்கினால்தான் குளிர் பிடிக்கும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். உள்ளே தொப்பி வேண்டாம், இறங்கும்போது போடுங்கள்.

பதுளை சேர்:
இதில் நர்ஸ் தங்கச்சியோடு முழுச் சம்மதம். கூடவே பதுளைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்டில் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவ மழை, எங்கள் ஊவாப் பக்கம் வறண்ட வெயில். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் நடுவில் இருக்கிற சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து வெயிலோடு வெளியே வருகிற நாட்கள் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர், பதுளை 680 மீற்றர் அளவு. நூறு மீற்றர் ஏறினால் வெப்பநிலை அரைப் பாகைக்கு மேல் குறையும் என்பது கணக்கு, ஆகவே இரண்டு ஊருக்கும் ஏழெட்டுப் பாகை வித்தியாசம். நுவரெலியா உடுப்பு எல்லாம் ஒரு பேக், பதுளைப் பருத்தி உடுப்பு ஒரு பேக் என்று அடுக்குங்கள். பதுளை பேக்கை நுவரெலியாவில் திறக்கவே வேண்டாம். நாத்தனார் வீட்டில் துவைத்தால் ஒரே நாளில் காயும், அதனால் பதுளைக்கு ஆளுக்கு இரண்டு மூன்று செட் போதும்.

மஸ்கெலியா தம்பி:
குழந்தைக்குத் துணி நெப்கினா, பெம்பஸா என்று யாரும் பேசவில்லையே. வீட்டில் துணிதான் நல்லது, செலவும் இல்லை. ஆனால் ஆகஸ்டில் நுவரெலியா ரூமில் துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரமாகத்தான் தொங்கும். அந்த இரண்டு இரவுக்கு மட்டும் பெம்பஸ் எடுங்கள், பதுளை வெயிலில் மறுபடி துணிக்கு மாறலாம். அப்புறம், ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பார்த்து ஷொப்பிங் பேக், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் கழற்றுவார்கள். காடு சுத்தமாக இருக்க வேண்டும், அது நியாயமான விதி. மாற்றுச் சொக்ஸை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு போனால் வாசலில் பிரித்து நிற்க வேண்டிவரும். துணிப் பையில் போடுங்கள். ரொட்டியும் கட்டசம்பலும் மூடி உள்ள டப்பாவில் போகட்டும்.

ஹட்டன் தாய்:
இதையெல்லாம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தன் பையைத் தானே அடுக்கித் தானே தூக்குவதாகவும், தம்பியின் ரெயின்கோட்டையும் அதிலேயே வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள். ஒரே நிபந்தனை, அந்தப் பையை யாரும் திறக்கக் கூடாதாம். ரெயின்கோட் வெளி ஸிப்பில் இருக்குமாம். அவள் அப்பாவும் சரி என்றுவிட்டார்.

பதுளை சேர்:
அருமையான பிள்ளை. பதின்மூன்று வயதுக்குத் தனிப் பை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், அக்கா சொன்ன காரணம் எனக்குத் தோன்றாத காரணம். ஆனால் ஆறு வயதுக்காரன் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். அக்கா சொன்ன சாமானில் ரெயின்கோட் ஒன்றுதான் அவசியம், அதுவும் இப்போது பெரியவள் பையில் போய்விட்டது. பிறகு அவனுக்கு எதற்குப் பை?

கொட்டகலை அக்கா:
அக்காவுக்குப் பை, தனக்கு இல்லை என்றால் ஹட்டன் ஸ்டேஷனிலேயே அழுகை தொடங்கும் சேர். குட்டிப் பை ஒன்று கொடுங்கள் தங்கச்சி, வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் மடியில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருப்பான்.

பதுளை சேர்:
மடியில் இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. நானுஓயாவுக்கு முன்னால் வருகிற கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன் தாண்டியதும் வாங்கி அப்பாவின் பேக்குக்குள் போட்டுவிடுங்கள்.

கொட்டகலை அக்கா:
வாங்க வேண்டாம். பையை முதுகில் மாட்டி, பட்டியை இறுக்கிவிட்டு, அப்பாவை முன்னால் இறங்கச் சொல்லுங்கள். கீழே நின்று பிள்ளையைப் பையோடு தூக்கி இறக்கட்டும். இரண்டு கிலோவுக்குள் என்றால் அது ஒரு பாரமே இல்லை.

பதுளை சேர்:
அப்பா கையில் ஏற்கனவே இரண்டு பேக் இருக்கிறது, அக்கா.