ஆவுளியா காப்பகத்துக்குக் கடலடி வரைபடம் எப்படி எடுப்பது?

மல்லிப்பட்டினத்துப் பையன்:
அப்பாவோடு நண்டு வலைக்குப் போகிறேன். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை, கடற்புல் தின்னும் கடற்பசுவான ஆவுளியாவுக்குக் காப்பகமாக அறிவித்தார்கள். நேற்று நங்கூரத்தைத் தூக்கினால் கடற்புல் ஒரு கொத்து வேரோடு வந்தது, வேரில் கறுப்புச் சேறு. மனசு கேட்கவில்லை. புல் எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் ஒதுங்கிப் போவோமே?

தஞ்சாவூர் சர்வேயர்:
சோனார்தான் வழி தம்பி, கடலடிக்கு ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் கருவி. கடல் நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 10 மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப 13 மில்லி வினாடி. எதிரொலி பலமாக வந்தால் பாறை, மங்கலாக வந்தால் சேறு. ஆனால் ஆழம் குறைந்தால் ஒரு ஓட்டத்தில் பிடிபடும் அகலமும் குறையும். 5 மீட்டர் தண்ணீரில் 15, 20 மீட்டர் பட்டைதான். உங்கள் கடலை இப்படி உழுது முடிக்க நாளாகும். தெளிந்த இடத்துக்குச் செயற்கைக்கோள் படம் போதும், கலங்கல் இருந்தால் உதவாது. அப்புறம், ஆள் முங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

சேதுபாவாசத்திரம் பெரியவர்:
நாங்கள் ஈயக்குண்டை இறக்கிப் பாகக் கணக்கில் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழம் அளந்தோம். குண்டில் ஒட்டியதைப் பார்த்தே சேறா மணலா என்று சொல்வோம். படம் எடுக்க வருகிறவர்கள் எங்களையும் படகில் ஏற்ற வேண்டும். இழுவை மடி, அதாவது கடலடியை வழித்து இழுக்கும் வலை, எந்தப் புல்லை வழித்தெடுத்தது என்று நாங்கள் காட்டுவோம்.

மல்லிப்பட்டினத்துப் பையன்:
சரி தாத்தா. கொத்து வந்த இடத்தை ஜிபிஎஸ்-ல் குறித்திருக்கிறேன். இனி ஒவ்வொன்றையும் குறிப்பேன்.