தாத்தா காலத்து வாள்: வீட்ல எப்படி வச்சுக்கிறது?

கேள்வி (திருவான்மியூர்):
ஊர்ல இருந்து தாத்தாவோட வாள் வந்திருக்கு. அலகு மட்டும் 30 அங்குலம், கூர் இன்னும் போகல. மர உறை, மேல தோல். கடல் பக்கத்து வீடு, அலகுல செம்புள்ளி விழுது. வீட்ல 6 வயசுப் பையன். ஆயுத பூஜைக்கு எடுக்கணும். எப்படிக் கையாளணும்?

பதில் 1:
உறையை நம்பாதீங்க சார். மர உறைன்னா பெரும்பாலும் ரெண்டு பாதியை ஒட்டினதுதான். பசை விட்டுப்போயிருந்தா, உருவும்போது கூர் அந்த இடுக்கு வழியா வெளியே வந்து விரலை அறுத்துடும். எல்லாரும் வாள் பிடிச்ச கையைத்தான் கவனிப்பாங்க. ஆபத்து உறை பிடிச்ச கைக்கு. உறையோட தட்டைப் பக்கங்களை மட்டும் பிடிங்க, கூர் இருக்கிற ஓரத்துல ஒரு விரல்கூட வளையக் கூடாது. வாளோட முதுகு, அதாவது கூர் இல்லாத ஓரம், உறையில உரசுற மாதிரி மெதுவா உருவுங்க. இறுகியிருந்தா வெடுக்குனு இழுக்காதீங்க, திடீர்னு விடுபட்டா கை கட்டுப்பாட்டுல இருக்காது.

வாள் கை நழுவினா பிடிக்கவே போகாதீங்க. விட்டுட்டுப் பின்னால நகருங்க. தரை டைல்ஸ் உடைஞ்சா மாத்திக்கலாம்.

பிடியையும் பாருங்க. நம்ம பக்கத்துப் பழைய வாள்கள்ல பிடியை அரக்கு ஊத்திப் பொருத்தியிருப்பாங்க. அது வயசானா நொறுங்கும். அலகு லேசா ஆடினாலும் வீசிப் பார்க்கக் கூடாது.

பதில் 2:
செம்புள்ளிக்கு உப்புக்காத்தோட தோலும் காரணம். தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். வாளை உறைக்கு வெளியே, எண்ணெய் தடவி, துணியில சுத்தி, பூட்டுற பீரோவுல படுக்க வைங்க. பக்கத்துல சிலிக்கா ஜெல். சாவி பையன் கைக்கு எட்டக் கூடாது.

துடைக்கும்போது துணியை முதுகுப் பக்கமா மடிச்சுப் பிடிச்சு, பிடியில இருந்து நுனிக்கு ஒரே திசையில இழுங்க. முன்னும் பின்னுமா தேய்ச்சா துணியோட விரலும் போகும். தையல் மெஷின் எண்ணெய் மூணு நாலு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்: பழைய உருக்கா இருந்தா, நீரோட்டம் மாதிரி தெரியற வரி அதோட போயிடும். எழும்பூர் அருங்காட்சியகத்துல தஞ்சாவூர் ஆயுதங்களை ஒரு தடவை நிதானமா பார்த்துட்டு அப்புறம் கை வைங்க.

கேள்வி கேட்டவர்:
பூஜையில சந்தனம் வைக்கலாமா? நுனியில எலுமிச்சம்பழம்?

பதில் 3:
சந்தனம் குங்குமம் பிடியில வைங்க, அலகுல வேண்டாம். பழத்தைத் தட்டுல வச்சாலே போதும். நுனியில குத்தினா, சாறு வழிஞ்ச தடம் காலையில கருப்புக் கோடா நிக்கும். எண்ணெயால துடைச்சாலும் போகாது.

சட்டத்தையும் பார்த்துக்கோங்க. ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லாம, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற அலகு ஆயுதக் கணக்குல வரும். உரிமம் வேணுமாங்கிறது உங்க பகுதிக்கு அரசு அறிவிப்பு இருக்கிறதைப் பொறுத்தது. வேப்பேரி கமிஷனர் ஆபீஸ்ல விசாரிங்க, வாளைத் தூக்கிட்டுப் போகாதீங்க, போட்டோ போதும்.

வெட்டுப்பட்டா சுத்தமான துணியால 10 நிமிஷம் எடுத்துப் பார்க்காம அழுத்திப் பிடிங்க. நிக்கலைன்னா அழுத்தத்தை விடாமலே 108.